மலைக்காரியின் கொம்புப் பூண்

கேளுங்கள், கேளுங்கள்! பாய்மரக் கப்பல்கள் மிளகு ஏற்றிப் போன காலம் அது. வெண்கழிப் பட்டினத்தில் ஏறன் என்றொரு வணிகன் இருந்தான். போர்க்களத்துப் பொருள் என்றால் அவனுக்கு உயிர்.

இருபது ஆண்டுகளுக்கு முன் குன்றூர்க் கோட்டைக் கதவை மலைக்காரி என்ற ஆண் யானை முட்டி உடைத்தது. அப்போது அதன் கொம்பில் மாட்டியிருந்த பூண் தனக்கு வேண்டும் என்று ஏறன் துடித்தான். "ஒரு கப்பல் மிளகு தருவேன்!" என்று ஊரெங்கும் பறையறைவித்தான். அவனிடம் இருந்ததே ஒரு கப்பல்தான்.

முதல் நாள் ஒருவன் வந்தான். இரண்டு பொற்பூண்களை எடுத்து வைத்தான். ஏறன் அவற்றை அள்ளக் கை நீட்டினான்.

"கொஞ்சம் பொறுங்கள்," என்றாள் மனைவி பூதி. "ஐயா, இது யார் கையிலிருந்து உங்கள் கைக்கு வந்தது?"

"அது ரகசியம், தாயே."

இரண்டாம் நாள் இன்னொருவன் வந்தான். அவனும் இரண்டு பூண் கொண்டுவந்தான், மணி பதித்தவை. பூதி அதையே கேட்டாள். அவன் அரச முத்திரை வைத்த ஓலையை நீட்டினான். ஓலையில் பச்சை வாசனைகூடப் போகவில்லை.

மூன்றாம் நாள் கொற்றி என்ற பெண் வந்தாள். அவளிடம் இருந்தது துருப்பிடித்து நசுங்கிய ஒற்றை இரும்புப் பூண். ஏறன் முகம் சுளித்தான். பூதி மூன்றாம் முறையாகக் கேட்டாள்.

"கதவு உடைந்தபோது கழன்று விழுந்ததம்மா. பாகனாயிருந்த என் அப்பா எடுத்து வைத்தார். சாகும்போது என்னிடம் கொடுத்தார். யானைக்குத் தீனி போட வழியில்லாமல்தான் விற்க வந்தேன்."

"என்ன, மலைக்காரி உயிரோடா இருக்கிறது?" ஏறன் துள்ளி எழுந்தான்.

"குன்றூர் மடுவில் குளித்துக்கொண்டிருக்கும். வந்து பாருங்கள்!"

ஏறன் செருப்புக்கூடப் போடாமல் ஓடினான். பின்னால் பூதி, கொற்றி, அவர்களுக்குப் பின்னால் ஊரே ஓடியது. மிளகுக்காக ஊரிலேயே காத்துக் கிடந்த மற்ற இருவரையும் ஊரார் இழுத்துக்கொண்டு போனார்கள்.

தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மலைக்காரி எழுந்தது. அட! அதற்குப் பிறவியிலேயே ஒற்றைக் கொம்பு!

"இரண்டு பூணை எங்கே மாட்டியதாம்?" என்று பூதி திரும்பினாள். இருவரையும் காணோம்.

கொற்றி இரும்புப் பூணைக் கொம்பில் மாட்டினாள். கொம்பில் இருந்த பள்ளமும் பூணில் இருந்த நசுங்கலும் கச்சிதமாகப் பொருந்தின. ஊர் ஆரவாரித்தது. ஏறன் கண்ணில் நீர் முட்ட அந்தத் துருவைத் தடவிப் பார்த்தான். அன்றே கப்பல் மிளகும் கொற்றிக்குப் போயிற்று.

ஆகையால் மக்களே, விலை உயர்ந்த பழம்பொருளை வாங்குமுன் அதன் மினுக்கில் மயங்காமல், அது கைமாறி வந்த வழியைத் தேடிப் போய்ப் பார்த்து உண்மையை உறுதி செய்துகொள்ள வேண்டும்.