கண்மாய்த் தீவில் ஓர் ஒத்திகை

கீழப்பூவாளிக்காரர்களைப் பற்றிச் சுற்றுவட்டாரத்தில் நாலு விதமாகச் சொல்வார்கள். நாலையும் கேட்டுப் பார்த்தால் ஒன்றுதான். அது என்னவென்று என் வாயால் சொல்ல மாட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மாவு மில் கொழுந்துவேலுக்கு ஊரிலேயே பெரிய மீசை. ஒரு கல்யாண வீட்டில் அவர் மனைவி செங்கமலத்தின் அண்ணி, தான் தீவுக்குப் போய் வந்த போட்டோக்களைக் காட்டிக் காட்டிப் பீற்றிக்கொண்டாள். கடலாம், தென்னை மரமாம், பக்கத்திலேயே ராட்டினப் பூங்காவாம். செங்கமலத்தின் முகம் சுருங்கிப்போனதைக் கொழுந்துவேலால் தாங்க முடியவில்லை. கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் அவளை அவர் கூட்டிப்போன தூரமான இடம் தாலுகா ஆபீஸ்.

“ஆடி பொறக்கிறதுக்குள்ள உன்னையத் தீவுக்கும் ராட்டினத்துக்கும் கூட்டிட்டுப் போகலைன்னா, இந்த மீசையை எடுத்துர்றேன்!” என்று பந்தலிலேயே சபதம் போட்டுவிட்டார்.

“சரிங்க. சலூன் பரஞ்சோதி அண்ணன்கிட்ட இப்பவே சொல்லி வச்சுர்றேன்” என்றாள் செங்கமலம்.

அன்றிலிருந்து தெருவில் பரஞ்சோதியைக் கண்டாலே அவர் மீசையைக் கையால் மூடிக்கொண்டார். பெற்ற பிள்ளை மாதிரி எண்ணெய் தடவி வளர்த்த மீசை அது. பாவமாகத்தான் இருந்தது.

டவுனுக்குப் போய் மூன்று ஜோடிக்கு ஆறு டிக்கெட் எடுத்து வந்தார். கூட வர ஒப்புக்கொண்டவர்கள் தச்சுவேலை தவசிமுத்துவும் அவர் மச்சான் அங்குராசுவும். தவசிமுத்து எழுத்துக்கூட்டி வாசிப்பார், அதனால் அவர் தலைவர். அங்குராசுக்கு வாசிக்கத் தெரியாது, அதனால் அவருக்குச் சந்தேகம் கேட்கும் வேலை. டிராவல்ஸ்காரர் டிக்கெட்டோடு விதிகள் அச்சடித்த தாள் ஒன்றும் கொடுத்திருந்தார். மூவரும் மில் வாசலில் உட்கார்ந்து அதைப் படித்தார்கள்.

“நாலரை அடிக்குக் குறைவான உயரம் உள்ளவர்களுக்கு ராட்டினத்தில் அனுமதி இல்லை” என்று வாசித்தார் தவசிமுத்து.

அளந்தார்கள். மூவரும் ஐந்தடிக்கு மேல். நிம்மதியாக மூச்சு விடப் போகும்போது அங்குராசு கேட்டார்.

“மாமா, ராட்டினத்துல நின்னுக்கிட்டா போவோம்?”

“உக்காந்துதான் போகணும்.”

“அப்ப உக்கார வச்சுல்ல அளக்கணும்?”

உட்கார வைத்து அளந்தார்கள். மூவருமே மூன்றடிக்குள் அடங்கிவிட்டார்கள். கொழுந்துவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. காலையில் ஐந்தே முக்கால் அடியாக எழுந்த மனுஷன் அல்லவா? தவசிமுத்துதான் தோளைத் தட்டி, ஆளுக்கொரு இரண்டடி முக்காலி செய்து இடுப்போடு கட்டிக்கொள்ளலாம் என்று தைரியம் சொன்னார்.

அடுத்த விதி: விலை உயர்ந்த பொருட்களை எடுத்து வர வேண்டாம்.

“நம்மகிட்ட இருக்கிறதுலயே விலை கூடுனது எது?” என்றார் தவசிமுத்து.

நகையெல்லாம் அடகுக்கடையில் இருந்ததால் யோசிக்க வேண்டியிருந்தது. “இந்த டிக்கெட்டுதான்ணே” என்றார் கொழுந்துவேல். ஆறு டிக்கெட்டையும் பத்திரமாக அவர் வீட்டுப் பீரோவில் வைத்தார்கள்.

கடைசி விதி, முதல்முறை போகிறவர்கள் முன்னதாக ஓர் ஒத்திகை பார்த்துக்கொள்வது நல்லது என்றது. மூட்டை முடிச்சைக் கட்டிப் பார்க்கத்தான் சொல்லியிருப்பார்கள். கீழப்பூவாளியில் அப்படி அரைகுறையாக எதையும் செய்ய மாட்டார்கள்.

ஊர்க் கண்மாய்க்கு நடுவில் ஒரு மண்திட்டு உண்டு. அதில் ஒரே ஒரு கருவேல மரம். பஸ் கிளம்ப நாலு நாள் இருக்கையில், மூவரும் மீன் குத்தகைக்காரரின் பரிசலில் ஏறி, முக்காலியும் அவல் மூட்டையுமாக அந்தத் திட்டில் போய் இறங்கினார்கள். பெண்கள் வர மறுத்துவிட்டார்கள். “மூணு நாள் கழிச்சு வந்து கூட்டிட்டுப் போங்க” என்று குத்தகைக்காரரிடம் சொல்லி மூவரும் பரிசலை அனுப்பினார்கள்.

முதல் நாள் தீவு வாழ்க்கை சுகமாகப் போனது. இரண்டாம் நாள் முக்காலிகளை இடுப்பில் கட்டிக்கொண்டு மரத்தை ராட்டினமாகச் சுற்றினார்கள். அங்குராசு சத்தியமாக வாந்தி எடுத்தார். ஒத்திகை அருமையாக நடக்கிறது என்று தவசிமுத்து பாராட்டினார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் குத்தகைக்காரர் மீன் பிடிக்க மடையைத் திறந்துவிட்டார். நாலாம் நாள் விடிந்தபோது கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஊரே இறங்கிக் கூடை கூடையாக மீன் அள்ளிக்கொண்டிருந்தது. பரிசல் கரையில் குப்புறக் கிடந்தது.

செங்கமலம் சேற்றை மிதித்துக்கொண்டு நடந்தே வந்தாள்.

“ஏங்க, நாளைக் காலையில பஸ்ஸு. கிளம்புங்க.”

கொழுந்துவேல் எழுந்துவிட்டார். தவசிமுத்து தாளைப் பிரித்தார். “படகில் அன்றி வேறு வழியில் தீவை விட்டு வெளியேறக் கூடாது. நீச்சல் தெரியாதவர்கள் இறங்கவே கூடாது.”

“தண்ணியே இல்லையேண்ணே! நீச்சல் எதுக்கு?” என்றாள் செங்கமலம்.

“தண்ணி இருந்தாலாச்சும் மிதந்து தொலைக்கலாம்” என்றார் அங்குராசு கவலையோடு. “தண்ணியே இல்லாத எடத்துல எப்படி தங்கச்சி மிதக்குறது?”

இதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் சொல்லி அனுப்புங்கள்.

“ஏங்க, நீங்களுமா?” என்று புருஷனைப் பார்த்தாள்.

கொழுந்துவேல் ஒரு கையால் மீசையைப் பிடித்துக்கொண்டார். ஆனாலும், “விதியை மீறிட்டா நாளைக்கு நம்மளை ஏத்த மாட்டாங்க, கமலம்” என்றார்.

“டிக்கெட் எங்க?”

“பீரோவுல. வெலை உயர்ந்த பொருளு.”

அவள் நேராக வீட்டைப் பார்த்து நடந்தாள்.

மறுநாள் காலை கண்மாய்க்கரை மேல் பஸ் போனது. ஜன்னலோரமாகச் செங்கமலம், பின்னால் மற்ற இரண்டு மனைவிமார், மிச்ச டிக்கெட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூவர். எல்லோரும் கை காட்டினார்கள். திட்டிலிருந்து இவர்களும் காட்டினார்கள்.

“பாவம்ணே” என்றார் கொழுந்துவேல். “ஒத்திகை பார்க்காம போறாளுக. என்ன கஷ்டப்படப் போறாளுகளோ!”

ஆறு நாள் கழித்து ஒரு பெருமழை கொட்டித் தீர்த்தது. முழங்கால் அளவு தண்ணீர் தேங்கியதும் பரிசல் வந்தது. மூவரும் விதிப்படி ஏறிக் கரை சேர்ந்தார்கள். அங்கே செங்கமலம் வெயிலில் கறுத்து, வாயெல்லாம் சிரிப்பாக, கழுத்தில் சங்கு மாலையோடு நின்றிருந்தாள். பக்கத்தில் பெட்டியோடு பரஞ்சோதி. ஆடி பிறக்க ஒரு நாள்தான் பாக்கி.

“நான் போயிட்டு வந்துட்டேங்க. ஆனா நீங்க கூட்டிட்டுப் போகலை.”

கொழுந்துவேல் தவசிமுத்துவைப் பார்த்தார். தவசிமுத்து தாளைப் பார்த்தார். அதில் மீசையைப் பற்றி எதுவும் இல்லை. கொழுந்துவேலுக்கே ஒரு வழி தோன்றியது. முகம் மலர்ந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

“எடுங்க பரஞ்சோதி. ஆனா இதுவும் ஒத்திகைதான். நெசமா எடுக்கிறப்ப நான் சொல்லி அனுப்புறேன்.”

ஒத்திகை என்றால் குழுவே செய்ய வேண்டும் என்று தவசிமுத்துவும் உட்கார்ந்து மீசையைக் கொடுத்தார். அங்குராசுக்குப் பிறவியிலேயே மீசை கிடையாது. அதனால் அவருக்குக் கரியால் ஒரு மீசை வரைந்து, அது நன்றாகக் காயும்வரை எல்லோரும் காத்திருந்து, பிறகு சோப்பு நுரை போட்டுச் சிரைத்தார்கள்.