சந்தனம் பூசிய மீட்டர்

சத்தியம். கற்பூரத்தை ஏற்றி உள்ளங்கையால் அடித்து அணைக்கச் சொன்னாலும் அணைக்கத் தயார். இதில் ஒரு சொல் பொய் கிடையாது. நடுவில் ஆடு ஒன்று வரும். அதுவும் மெய்தான்.

“சாமி, கோபத்தைக் கழட்டி வைக்க ஒரு மந்திரம் சொல்லும்” என்றார் கோமதிநாயகம்.

பாறைச்சாமி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“கழட்டி எங்கவே வைக்கப் போறீரு? ஆணியிலயா?”

“விளையாடாதேயும். பிரமு அப்படித்தான் சொல்லி விட்டிருக்கா. ‘கோபத்தைக் கழட்டி வச்சிட்டு வந்தா வரட்டும். இல்லன்னா அங்கேயே கிடக்கட்டும்.’”

“அங்கேயே கிடந்தா என்ன?”

“ஒரு வாரமா கிடந்து பாத்துட்டேன்” என்றார் நாயகம். “முடியல.”

ஊருக்கு மேற்கே பாறையடியில் ஒரு ஓட்டு மடம். அதில்தான் சாமி இருந்தார். சாமியும் நாயகமும் ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. பிறகு ஒருவர் டவுன் பஸ்ஸில் கண்டக்டராகப் போனார். மற்றவர் டிக்கெட் வாங்காமல் வடக்கே போனார். தலை நரைத்த பிறகு ஒருவர் பென்ஷனோடும் ஒருவர் தாடியோடும் ஊருக்கே திரும்பினார்கள். மடத்துக்குள் இருக்கிறவரை நாயகம் சிஷ்யன், அவர் சாமி. மடத்து வாசலைத் தாண்டிவிட்டால் இருவரும் பழையபடி ஆறாம் வகுப்பு.

“என்னதான் நடந்துச்சு?” என்று கேட்டார் சாமி.

நடந்தது இதுதான்.

பிரமு, நாயகத்தின் மனைவி. கல்யாணத்தின்போது அவள் அப்பா கொடுத்த இரும்பு பீரோ ஒன்று வீட்டில் உண்டு. அதற்குக் கிளிப்பச்சையில் பெயிண்ட் அடித்துத் தரச் சொன்னாள். நாயகம் வீட்டிலேயே ஒரு ஏர் கம்ப்ரஸர் வைத்திருந்தார். கன்றுக்குட்டி உயரம், இரண்டு சக்கரம். சைக்கிளுக்குக் காற்றும் அடிக்கும், பீரோவுக்குப் பெயிண்டும் அடிக்கும்.

அதன் தலையில் ரெகுலேட்டர் என்று ஒரு குமிழ். தொட்டியில் அடைத்து வைத்த காற்றை அளந்து வெளியே விடுகிற வேலை அதற்கு. நாயகம் அதை முப்பதில் வைத்தார். அது முப்பது என்று ஒப்புக்கொண்டுவிட்டு நூறை விட்டது.

ஸ்பிரே கன்னின் மூடி எகிறித் தாழ்வாரத்து உத்தரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. பீரோவில் ஒரு சொட்டுப் படவில்லை. சுவரில் பட்டது. பிரமு மேல் பட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் சும்மா நின்றுகொண்டிருந்த வெள்ளாட்டின் மேல் கொம்பிலிருந்து வால் வரைக்கும் பட்டது. அன்று சாயந்திரம் மற்ற ஆடுகள் அதைப் புல் என்று நினைத்துச் சுற்றி நின்று மேயப் பார்த்தன. சத்தியம் என்று முதலிலேயே சொல்லியாயிற்று.

பிரமுவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மூக்கு நுனியில் பச்சையோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நாயகம் மெஷினைத் திட்டினார். பெயிண்டைத் திட்டினார். பெயிண்ட் விற்ற கடையைத் திட்டினார். திட்ட வேறு ஆள் கிடைக்காமல், “எல்லாம் உங்கப்பன் தலையில கட்டுன ஓட்டை பீரோவால வந்தது” என்றார்.

சிரிப்பு நின்றது. அவள் முகத்தைக் கழுவினாள். பையை எடுத்தாள். ஆழ்வார்குறிச்சியில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

சாமி கடைசி வெண்டைக்காயின் காம்பைக் கிள்ளினார்.

“ரெகுலேட்டரை மாத்தியாச்சா?”

“புதுசு வாங்கி வச்சிருக்கேன். மாட்ட மனசில்ல. மாட்டி யாருக்குப் பெயிண்ட் அடிக்க?”

“மெஷினை இங்க தள்ளிட்டு வாரும்.”

“நான் கேட்டது மந்திரம்.”

“ஸ்பானரையும் கொண்டாரும்.”

நாயகம் முனகிக்கொண்டே போனார். முனகிக்கொண்டே தள்ளிக்கொண்டு வந்தார். மடத்து முற்றத்தில் மெஷினை நிறுத்தி, உட்கார்ந்து, பழைய ரெகுலேட்டரில் ஸ்பானரைப் போட்டார்.

“இரும்வே. தொட்டியில காத்து இருக்கா?”

“கிடக்கும்.”

“எப்ப அடைச்ச காத்து?”

“அன்னைக்கு அடைச்சதுதான்.”

“ஒரு வாரக் காத்தை உள்ள வச்சுக்கிட்டு மரையைத் திருகப் போறீரா? இன்னும் கொஞ்ச நாளைக்கு வெண்டைக்காய் திங்கலாம்னு எனக்கு ஆசை.”

நாயகம் ஸ்பானரைக் கீழே வைத்தார். தொட்டியின் அடிவயிற்றில் இருக்கிற சின்ன வால்வைத் திறந்தார்.

புஸ்ஸென்று கிளம்பிய காற்றில் சாமியின் தாடி இடதுபக்கம் பறந்தது. இன்றைக்கும் அது இடதுபக்கமாகத்தான் நிற்கிறது, சீப்புக்கு மசிவதில்லை. காற்றுக்குப் பின்னாலேயே துருவேறிய தண்ணீர் ஒழுகியது. நிற்காமல் ஒழுகியது.

“காத்தைத்தானே அடைச்சேன்?” என்றார் நாயகம். “இவ்வளவு தண்ணி எங்கிருந்து வந்துச்சு?”

சாமி வெண்டைக்காய்த் தட்டை நனையாமல் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

எல்லாம் வடிந்த பிறகு பழைய ரெகுலேட்டர் சுலபமாகக் கழன்றது. பிரித்துப் பார்த்தால் உள்ளே ரப்பர் ஜவ்வு கிழிந்திருந்தது. நகக்கீறல் அளவுதான்.

“இத்தனூண்டு கிழிசலுக்கா அவ்வளவு ஆட்டம்?”

“உம்ம ஆட்டமா, அதோட ஆட்டமா?”

நாயகம் புதியதன் மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றினார். வைத்துத் திருகினார். காற்றின் அளவைக் காட்டுகிற மீட்டர் தன்னை நேராகப் பார்க்கும்படி நிறுத்தி இறுக்கினார். மெஷினைப் போட்டார். தொட்டி நிறைந்து மோட்டார் தானாக நின்றது.

ஸ்பிரே கன்னை அழுத்தினார். எறும்பு ஊதுகிற அளவுக்குக்கூடக் காற்று வரவில்லை.

இன்னொரு தரம் அழுத்தினார். சக்கரத்தை ஒரு உதை விட்டார்.

“புதுசும் ஓட்டை! கடைக்காரப் பய நல்லா ஏமாத்திட்டான்!”

சாமி ஒரு வெண்டைக்காய்க் காம்பை எடுத்து நீட்டித் தொட்டுக் காட்டினார். ரெகுலேட்டரின் உடம்பில் ஒரு அம்புக்குறி. காற்று போகவேண்டிய திசை அது. நாயகம் அதைத் திசை மாற்றி மாட்டியிருந்தார்.

“முப்பது வருஷம் பஸ் போற திசைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்ன ஆளு” என்றார் சாமி. “உமக்கு அம்பு எங்க தெரியப் போவுது?”

“அம்புப்படி மாட்டினா மீட்டர் அந்தப் பக்கம்லா திரும்பிக்கிடும்?”

“திரும்பட்டும்.”

“திருகுறவன் நான். எனக்குல்லா தெரியணும்?”

“மீட்டரை இந்தப் பக்கம் மாத்தி வைக்க ஓட்டை இருக்கா?”

“இந்த மாடல்ல இல்ல.”

“பிறகென்ன? நான் அந்தப் பக்கம் இருந்து பாத்துச் சொல்றேன். நீர் இங்க இருந்து திருகும்.”

இந்தத் தடவை யாரும் சொல்லாமலே நாயகம் தொட்டிக் காற்றை இறக்கினார். கழற்றினார். அம்பைப் பார்த்து மாட்டினார். மீட்டர் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

“ஒரு நிமிஷம்” என்றார் சாமி. “புதுச் சாமான். பொட்டு வைக்காம ஓட்டக்கூடாது.”

சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். எதிர்ப்பக்கம் குனிந்தார். நிதானமாகப் பூசினார். குங்குமமும் வைத்தார். பிறகு அங்கேயே சப்பணமிட்டு உட்கார்ந்து, “ஓட்டும்” என்றார்.

மோட்டார் ஓடியது. தொட்டி நிறைந்தது. மோட்டார் நின்றது.

“எனக்கு முப்பது வேணும் சாமி” என்று நாயகம் குமிழில் கை வைத்தார்.

“இப்ப எம்பது.”

நாயகம் குறைத்தார். “இப்ப?”

“எம்பத்தஞ்சு.”

“குறைச்சுல்லா இருக்கேன்?”

“தொண்ணூறு.”

“அது எப்படிவே ஏறும்? கண்ணைத் தொறந்து பாரும்!”

மடத்துக்குள், சிஷ்யன் சாமியை ‘வே’ போட்டுவிட்டார். சாமி கண்டுகொள்ளவில்லை.

“நூறு. நூத்திப் பத்து. நாயகம், எனக்குப் பயமா இருக்கு. நான் எந்திரிச்சுப் போறேன்.”

சொன்னபடி எழுந்து இரண்டடி பின்னால் போனார்.

நாயகம் குமிழிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

பையை எடுக்கப் போகும் முன் பிரமுவும் இதே மாதிரித்தான் இரண்டடி பின்னால் போனாள். அன்றைக்கு அவர் அதைப் பார்க்கத்தான் செய்தார். பார்த்தது இப்போதுதான் உள்ளே இறங்கியது.

“நான் உம்மை என்ன செஞ்சிருவேன் சாமி?” என்றார். குரல் சின்னதாக வந்தது.

“எழுவது” என்றார் சாமி.

“நான் தொடவே இல்லையே.”

“அறுவது.”

“சாமி...”

“அம்பது. அந்தத் தாடையைக் கொஞ்சம் தளர விடும். நாப்பது. ம். அப்படித்தான். முப்பத்தஞ்சு.”

நாயகம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். குமிழும் அசையவில்லை.

“முப்பது” என்று சாமி திரும்பி வந்து உட்கார்ந்தார். “இப்ப அடிச்சா பீரோ நல்லா வரும்.”

நாயகம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மெஷினைச் சுற்றி எதிர்ப்பக்கம் வந்தார். குனிந்தார்.

மீட்டரின் கண்ணாடி முழுக்கச் சந்தனம். தோசைக் கனம். நடுவில் குங்குமம். முள்ளும் தெரியவில்லை, எண்ணும் தெரியவில்லை.

“முழுசா மூடியிருக்கீரே! பிறகு எதைப் பாத்துச் சொன்னீரு?”

“எதிர்ல இருந்ததைப் பாத்துத்தான்.”

சாமி தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார். உள்ளே கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டது.

நாயகம் சந்தனத்தைத் துடைக்கத் தோளிலிருந்து துண்டை எடுத்தார். துடைக்கவில்லை. துண்டை உதறித் தோளிலேயே போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

ஆழ்வார்குறிச்சியில் அண்ணன் வீட்டு வாசல்படியில் பிரமு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். காது மடலில் இன்னும் ஒரு பொட்டுப் பச்சை இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். கை நிற்கவில்லை.

“கழட்டி வச்சிட்டு வந்தியளா?”

நாயகம் படியேறவில்லை. அவளுக்கு நேர் எதிரே மண்ணில் உட்கார்ந்தார்.

“உங்கப்பா குடுத்தது நல்ல பீரோ” என்றார். “என் வாய்தான் ஓட்டை.”

“கேட்டதுக்குப் பதிலைச் சொல்லுங்க.”

“எனக்குத் தெரியல பிரமு. என் பக்கம் இருந்து தெரிய மாட்டேங்குது.” முகத்தை அவள் பக்கம் நீட்டினார். “நீ பாத்துச் சொல்லு.”

கீரை உருவுகிற கை நின்றது. அவள் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள், மூக்கைப் பார்த்தாள், தாடையைப் பார்த்தாள். அவசரமே இல்லாமல் பார்த்தாள். அத்தனை நேரமும் அவர் முகத்தை எடுக்கவில்லை.

“வெயில்ல வந்த மூஞ்சியா இருக்கு” என்றாள். “மோர் குடிக்கியளா?”

இதை யார் சொன்னது என்று மட்டும் வெளியே விட்டுவிடாதீர்கள். நாயகம் கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். சாமி கேட்டாலும் அப்படியே. பிரமு கேட்டால்... அவள் கேட்க மாட்டாள், உங்கள் மூஞ்சியைப் பார்ப்பாள். அதனால் அவள் எதிரே போய் உட்கார்ந்துவிடாமல் இருங்கள், போதும்.