வாம்பேயின் அப்பா

பாதிரியார்களைப் படிக்கவைக்கும் குருமடத்தில் காலமெல்லாம் வேதசாத்திரம் சொல்லிக்கொடுத்த வியாகப்பன் சாமிக்கு ஐம்பது வயதைத் தாண்டியபிறகு ஓர் ஆசை வந்தது. புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழுதது போதும், சாகிறதுக்குள் நாலு பேரையாவது வேதத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஆயரிடம் போய்ச் சொன்னார்.

ஆயர் யோசித்தார். "பப்புவா மலையில நம்ம இஞ்ஞாசி தனியாக் கெடக்காரு. போறீங்களா? ஆனா ஒண்ணு. அங்க அவர்தான் குரு. நீங்க சீடர்."

சிக்கலே அதில்தான். இஞ்ஞாசி சாமி இவரிடம் படித்தவர். அந்த மலைக்கு முதல் ஆளாக ஏறிப்போன பாதிரியார் அவர்தான், அதை யாரும் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பரீட்சையில் அவர் எழுதியதைப் படித்து வியாகப்பன் சாமி தலையில் அடித்துக்கொண்ட நாளும் உண்டு. "என்னலே எழுதியிருக்கே" என்று கேட்ட வாயில் திடீரென்று மரியாதை வருமா? மலைக்கு வந்து மாதக்கணக்கான பிறகும் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார். "நீ" என்றுதான் பேசினார். இஞ்ஞாசி சாமி அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்கிற ஆள் இல்லை.

ஒரு நாள் இஞ்ஞாசி சாமி மலைமலையாய் நோயாளிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். முழங்கால்வரை சேறு. கோயில் வாசலில் உட்கார்ந்து கழுவிக்கொண்டிருந்தபோது வியாகப்பன் சாமி வந்து நின்றார்.

"இஞ்ஞாசி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க சாமி."

"ரெண்டு ஞாயிறா பூசைக்கு ஒரு ஈ காக்கா வரலை. இந்த ஜனங்களை எப்படித் திரும்பக் கூட்டிட்டு வர்றது?"

"வர்ற வழியில பாத்தேன். உடம்பெல்லாம் களிமண் பூசிக்கிட்டு உக்காந்திருக்காங்க."

"அது என்ன வேஷம்?"

"வேஷம் இல்லை சாமி. துக்கம்."

"யாரு செத்தது?"

"வாம்பேயோட அப்பா."

வியாகப்பன் சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவர் செத்து எத்தனையோ வருஷம் ஆச்சே."

"இப்ப மறுபடியும் செத்துட்டாருன்னு சொல்றாங்க."

சிரிப்பு பாதியில் நின்றது.

நடந்தது இதுதான். அந்த மலை ஜனத்திடம் ஒரு வழக்கம் உண்டு. தகப்பன் செத்து, சதையெல்லாம் மண்ணோடு போனபிறகு, மூத்த மகன் கீழ்த்தாடை எலும்பை எடுத்துக் கழுவி, நார்க்கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வான். கை எலும்பு வேண்டாம், கால் எலும்பு வேண்டாம், தாடைதான் வேண்டும். அப்பா பேசினது அதைக் கொண்டுதானே. வாம்பேயும் அப்படிப் போட்டிருந்தார். அந்த ஊரில் முதல் ஆளாக ஞானஸ்நானம் கேட்டவரும் அவர்தான்.

இஞ்ஞாசி சாமி ஊரில் இல்லாத சமயம் அவர் வந்து கேட்டார். வியாகப்பன் சாமி அவர் கழுத்தைப் பார்த்தார். வாத்தியார் புத்தி எங்கே போகும்? "ஒரு கழுத்துல ரெண்டு தொங்கக் கூடாது. அதுவா, சிலுவையா? நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார்.

வாம்பே பகல் முழுக்க யோசித்தார். சாயங்காலம் போய்த் தாடையை ஆற்றில் போட்டுவிட்டு, வெறுங்கழுத்தோடு வந்து நின்றார். வியாகப்பன் சாமி அவருக்குச் சிலுவையை மாட்டிவிட்டு, ஞானஸ்நானத்துக்கு நாளும் குறித்துவிட்டு, கோயில் மணியைத் தன் கையாலேயே அடித்தார். மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம். ஊர் களிமண் பூச ஆரம்பித்தது மறுநாள் காலையில்.

இஞ்ஞாசி சாமி காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். மலைக்கு மலை தூக்கிக்கொண்டு போகும் பூசைப் பையைத் திறந்து, துணியில் சுற்றிய பீடக்கல்லை எடுத்துவந்தார். கையகலக் கல். பூசைக்குப் பலகையோ பாறையோ எது கிடைத்தாலும், அதன்மேல் இந்தக் கல்லை வைத்தால் அதுதான் பீடம். அதை வியாகப்பன் சாமியின் கையில் கொடுத்தார்.

"இதைக் கொண்டுபோய் அதே ஆத்துல போட்டுட்டு வாங்க."

"உனக்கு என்ன புத்தி பேதலிச்சிடுச்சா? உள்ள திருப்பண்டம் இருக்கு."

"அப்படின்னா?"

"தெரியாத மாதிரி கேக்குறியே. வேதத்துக்காக உயிரைக் குடுத்த வேதசாட்சி ஒருத்தரோட எலும்பு."

"உங்களுக்கு அவர் என்ன உறவு?"

வியாகப்பன் சாமி கையிலிருந்த கல்லைப் பார்த்தார்.

"முகம் எப்படி இருக்கும் அவருக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்? எந்தக் காலத்து மனுஷர்."

"குரல்?"

"தெரியாது."

"வாம்பேக்குத் தெரியும்" என்றார் இஞ்ஞாசி சாமி.

வியாகப்பன் சாமி சும்மா விடுகிறவரா? "அது வேற, இது வேற. இது திருச்சபை ஏத்துக்கிட்டது" என்று ஆரம்பித்தார்.

"ஆமா. எலும்புக்குக் குடுக்குற மரியாதை எலும்புக்கு இல்லை, அந்த ஆளுக்குன்னு வகுப்புல சொன்னீங்க. நான் பரீட்சையில கோட்டை விட்டவன்தான். ஆனா அது மட்டும் எனக்கு நல்லா வெளங்குச்சு."

வியாகப்பன் சாமிக்குக் காது சுட்டது. எத்தனை வருஷம், எத்தனை வகுப்பு, எத்தனை பையன்கள். ஒவ்வொரு வருஷமும் அந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கல்லைத் திருப்பிக் கொடுக்கக்கூட அவர் தலை நிமிரவில்லை. அப்படியே முழந்தாளிட்டார்.

"சாமி" என்றார். மலைக்கு வந்தபிறகு முதல் தடவையாக அவரை அப்படிக் கூப்பிட்டார். "எனக்குப் பாவசங்கீர்த்தனம் கேளுங்க. செஞ்ச பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கணும்."

"கேக்குறேன். ஆனா ஆத்தோட போனது என் அப்பா இல்லையே" என்றார் இஞ்ஞாசி சாமி.

வியாகப்பன் சாமி எழுந்து, கல்லை அவரிடம் கொடுத்துவிட்டு, வாம்பேயைத் தேடி ஆற்றுக்கு நடந்தார்.

வாம்பே கரையில் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் காய்ந்த களிமண். கழுத்தில் சிலுவை. சாமியைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார். அந்த மரியாதை வியாகப்பன் சாமிக்கு இன்னும் சுருக்கென்றது. திட்டினால் தேவலை என்றிருந்தது.

"நான் செஞ்சது தப்பு" என்றார், தெரிந்த கொஞ்சநஞ்ச மலைப் பேச்சில்.

"நீங்க எங்க செஞ்சீங்க? நான்தானே போட்டேன்."

"நான் சொன்னதால."

"ஆமா. நீங்க சொன்னதால."

அந்தப் பேச்சில் கோபம் இல்லை. இவர் சொன்னதற்கு அவர் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

"கீழ போய்த் தேடிப் பாக்கலாம். நானும் வர்றேன்."

"இந்த ஆறு வாங்கினதைத் திருப்பித் தராது சாமி. எங்க ஊருல எல்லாருக்கும் தெரியும்." வாம்பே தண்ணீரைப் பார்த்தார். "காலையில கிளம்பும்போது எங்க போறேன்னு அப்பாகிட்ட சொல்லிட்டுத்தான் போவேன். இப்ப அதைச் சொல்றதுக்கே இங்க வரைக்கும் வர வேண்டியிருக்கு. கேக்குதோ கேக்கலையோ. தண்ணி இந்த இரைச்சல் போடுது."

வியாகப்பன் சாமி அவர் கழுத்தைக் கை நீட்டிக் காட்டினார். "அந்தச் சிலுவை உங்களுக்குப் பாரமா இருந்தா கழட்டிக் குடுத்துடுங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

வாம்பே சட்டென்று சிலுவையைக் கையால் பொத்திக்கொண்டார்.

"இதையும் குடுத்துட்டா எனக்கு என்ன மிச்சம்?"

வியாகப்பன் சாமி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

வாம்பே கொஞ்சநேரம் அவர் முகத்தையே பார்த்தார். பயந்தவர் போல மெதுவாகக் கேட்டார். "வர்ற ஞாயிறு ஞானஸ்நானம்னு சொன்னீங்களே. அது உண்டுதானே சாமி? நான் என் பேச்சுப்படி செஞ்சிட்டேன்."

உண்டு என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல், வியாகப்பன் சாமி எழுந்து வந்துவிட்டார். நேரே இஞ்ஞாசி சாமியிடம் போனார். அவர் அடுப்பில் கிழங்கு சுட்டுக்கொண்டிருந்தார்.

"வாம்பே ஏசுவார்னு நெனச்சேன் சாமி. ஏசலை."

"ம்."

"ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம் உண்டான்னு கேக்குறாரு. எங்க நான் மாட்டேன்னுடுவேனோன்னு பயப்படுறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை. ஓடி வந்துட்டேன்." அடுப்பருகில் உட்கார்ந்தார். "நீங்களே குடுத்துடுங்க சாமி. அந்த மனுஷன் தலையில தண்ணி ஊத்த எனக்கு யோக்கியதை இல்லை."

"இல்லைதான்."

"பின்னே?"

"உங்களை நம்பித்தானே ஆத்துக்குப் போனாரு. என்னை நம்பிப் போகலையே."

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவர் முன்னால நிப்பேன்?"

இஞ்ஞாசி சாமி கிழங்கைச் சாம்பலிலிருந்து எடுத்து, ஊதி, பாதியைப் பிட்டு அவர் கையில் வைத்தார்.

"இந்த மூஞ்சியை வச்சுக்கிட்டே நில்லுங்க. அவரு அப்பாவைக் குடுத்துட்டாரு சாமி. நீங்க தண்ணியாவது குடுங்க."