பெரூல் துரை தேடுன தவளை

ஒரு ஊர்ல ஒரு அகழி இருந்துச்சு. இல்ல இல்ல, அப்போ ஊரே கிடையாது, அகழிதான் முதல்ல வந்துச்சு. எங்கன்னு கேளு. நம்ம செலின் அத்தை இருக்காங்கல்ல, அந்தப் பிரான்சு தேசத்துல. ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி. ம் சொல்லுடி.

ஒரு துரை வந்து மண்ணைக் குவிச்சு மேடு போட்டு, மேல மரத்தால கோட்டை கட்டுனாரு. மண்ணு எடுத்த பள்ளத்துல தண்ணி நிறைஞ்சு அகழி ஆயிடுச்சு. கோட்டைப் பக்கம் இருந்தா திருடன் வரமாட்டான்னு நாலு குடும்பம் வந்துச்சு. அப்புறம் கொல்லன் வந்தான், அப்புறம் மாதா கோயில் வந்துச்சு, பெல்மார்னு ஊருக்குப் பேரும் வந்துச்சு. தவளைங்க மட்டும் யாரும் கூப்பிடாமலே வந்துச்சுங்க.

அப்புறம் துரையோட மகன் அந்த மரக்கோட்டையைக் கல்லுக்கோட்டையா மாத்துனாரு. பேரன் பெரூல் துரை என்ன பண்ணாரு தெரியுமா? தூங்குனாரு!

மத்தியானம் வயிறு முட்டத் தின்னுட்டு மெத்தையில தொப்புனு விழுவாரு. கண்ணை மூடுன உடனே, கொர்ர்ர்... கொர்ர்ர்... பதறி எழுந்து கத்துவாரு.

"எவன்டா அங்க? தவளை கத்துது! நான் தூங்கறப்போ ஊரே வந்து தண்ணியை அடிக்கணும். இதுதான் சட்டம்!"

அப்போ ஊரே குச்சியோட ஓடும். சளார் சளார் சளார்!

அந்த ஊர்ல ஓதீல்னு ஒரு பொண்ணு. இடுப்புல கைக்குழந்தை. வயல்ல கோதுமை முத்தி நிக்குது, மேல மேகம் கருகருன்னு வருது. மழைக்கு முன்னாடி அறுக்கலைன்னா வருஷம் பூரா பிள்ளைக்கு ரொட்டி இல்ல. இவளோ அகழியில குச்சியோட நிக்கிறா. பாவம்ல?

ம்.

முதல்ல அடிச்சுப் பாத்தாங்க. கொர்ர்ர்! அப்புறம் தவளையெல்லாம் கூடையில அள்ளி மலைக்கு அந்தாண்ட விட்டாங்க. அதுங்க தத்தித் தத்தித் திரும்பி வந்துடுச்சுங்க. கொர்ர்ர்! அப்புறம் அகழி நிறைய வாத்து விட்டாங்க. லபக் லபக் லபக்! ஒரு தவளை மிச்சமில்ல. அப்பாடான்னு அரிவாளைக் கையில எடுத்தாங்க.

கொர்ர்ர்ர்!

"அடிங்கடா!"ன்னாரு துரை.

ஓதீல் தண்ணியைப் பாத்தா. சத்தம் அங்க இருந்து வரல. மேல துரை தூங்குற அறை ஜன்னலைப் பாத்தா. அவளுக்குச் சிரிப்பு வந்துடுச்சு.

"ஐயையோ, வாயை மூடுடி!"ன்னான் கொல்லன். "நீங்கதான் அந்தத் தவளைன்னு துரை கிட்ட யாரு சொல்றது? தலை போயிடும்."

"நான் எதுக்குச் சொல்றேன்?"னு நேரா மேல போனா. "துரையே, தவளை உங்க அறைக்குள்ள பூந்துடுச்சு. துரைசானியம்மா முன்னாடியே பிடிச்சுத் தரோம். பிடிச்சுட்டா அப்புறம் எங்களை அகழி அடிக்கக் கூப்பிடக் கூடாது."

"பிடிச்சாப் போதும்! மாதா மேல சத்தியம்."

துரை படுத்தாரு. எல்லாரும் மூச்சு விடாம கட்டிலைச் சுத்தி நின்னாங்க. கொர்ர்ர்... கொர்ர்ர்... துரையைத் தொட யாருக்கும் கை வரல. அப்போ ஓதீல் இடுப்புல இருந்த குழந்தை எட்டி, துரை மூக்கை லபக்னு பிடிச்சுடுச்சு!

சத்தம் நின்னுடுச்சு.

துரை முழிச்சுக்கிட்டாரு. "பிடிச்சாச்சா?"ன்னாரு. மூக்கு அடைச்ச குரல்ல.

"பிடிச்சாச்சு துரை. பிள்ளை கையிலதான் இருக்கு."

துரை ரெண்டு கண்ணையும் ஒண்ணாக் குவிச்சுத் தன் மூக்கையே பாத்தாரு. துரைசானி குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாங்க. "கல்யாணமான அன்னைக்கே எனக்குத் தெரியும். யாராவது சொல்லுவாங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன்!"

துரை முகம் சிவந்து போச்சு. ஆனா சத்தியம் சத்தியம்தானே? "போங்க, போயி அறுங்க. யாரும் வெளிய சொல்லாதீங்க"ன்னாரு. கடைசிக் கட்டு கோதுமை உள்ள போகவும் மழை சோன்னு பிடிச்சுக்கவும் சரியா இருந்துச்சு. யாரும் வெளிய சொல்லவே இல்ல. ஊர் வாசல்ல மட்டும், கண்ணை மூடித் தூங்குற தவளை ஒண்ணு, கல்லுல செதுக்கி வச்சாங்க.

ம் சொல்லல? தூங்கிட்டியா? இல்லையா?

அங்க கேளு. கொர்ர்ர்...

உங்கப்பாதான்டி. வேணாம், மூக்குகிட்ட போகாத! காலையில வண்டி ஓட்டணும், பாவம். கதை கதவைச் சாத்திக்கிச்சு, நீயும் கண்ணைச் சாத்து.