அடுத்த வீட்டுப் பிள்ளை

மாசிலாமணி வைத்தியரின் சீடன் செம்புலிங்கம். பிள்ளைகளின் வயிற்றுக் கோளாறு என்றால் ஊரே அவனைத்தான் தேடும். ஆனால் அவன் மகள் பூவாயி ஒழுங்காக வெளிக்கிப் போய்ப் பல நாளாயிற்று. இதை எந்த மூஞ்சியோடு குருவிடம் சொல்வது?

மருந்து இடித்துக்கொண்டே கேட்டான்.

"ஐயா, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு நாலு வயசு. மலம் கட்டி, வயிறு கல்லாட்டம் இருக்கு. விளக்கெண்ணெய் கொடுத்தா போகுது, திரும்பக் கட்டிக்குது. இன்னும் காட்டமா ஏதாவது..."

"முக்குதா?"

"முகம் செவக்க முக்குது ஐயா."

"உக்காந்தா, நின்னுக்கிட்டா?"

"நின்னுக்கிட்டுத்தான். காலைப் பின்னிக்கிட்டு, குதிகாலைத் தூக்கிக்கிட்டு."

"அப்ப முக்கலைடா. அடக்குது. ஒரு தடவை வலிச்சிருக்கும், பயந்துபோச்சு. பக்கத்துல யாரு நிக்கிறது?"

"அவ அப்பன். வந்துச்சா, இன்னும் வரலையான்னு கேட்டுக்கிட்டே நிப்பான்."

"கையில?"

"விளக்கெண்ணெய்க் கிண்ணம்."

"அடிப்பானா?"

உலக்கை நின்றது.

"ஒரே ஒரு தடவை."

"எல்லாம் கூட இருந்து பார்த்த மாதிரி சொல்றே. எந்த வீடு? கிழக்கா, மேற்கா?"

"கிழக்கு."

"உன் வீட்டுக்குக் கிழக்கே குளம்தானே கிடக்கு?"

"மேற்கு ஐயா."

"அப்பன் பேரு?"

செம்புலிங்கத்துக்குக் காது மடல் சுட்டது.

"சொல்லேன்டா! வாயில என்ன கொழுக்கட்டையா?"

எவ்வளவு அதட்டியும் ஒரு சொல் வெளியே வரவில்லை.

வைத்தியர் எழுந்தார். அவனுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, உலர்ந்த திராட்சையை ஆயத் தொடங்கினார்.

"இதை ஊறவச்சுப் பிசைஞ்சு கொடு. தண்ணி நிறையக் குடிக்கட்டும். இளகினா வலிக்காது. வலிக்கலைன்னு அதுக்குத் தெரியட்டும். நாளாகும்."

அவ்வளவுதான். வேறெதுவும் கேட்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

வெகுநேரம் திராட்சைக் காம்புகள் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஐயா," என்றான் செம்புலிங்கம். "அது என் மக. அடிச்ச பாவி நான்தான். என் செருப்புச் சத்தம் கேட்டாலே கதவுக்குப் பின்னால ஒளியிறா."

வைத்தியர் அப்போதும் திரும்பவில்லை.

"அந்த அதட்டு அதட்டினேன், வரலை," என்றார். "இப்ப உன்னை யாரு கேட்டா?"