துரை சொன்னது எந்தப் பொருள்?

முன்னொரு காலத்தில், கப்பல்கள் காற்றை நம்பிக் கடல் கடந்த நாளில், கடற்கரை நாடு ஒன்றை ஒரு ராஜா ஆண்டுவந்தார். அவருக்கு அவ்வப்போது ஏதாவது ஒன்றில் பைத்தியம் பிடித்துவிடும். ஒரு வருஷம் புறா வளர்த்தார். அடுத்த வருஷம் மல்யுத்தம் பழகினார். அதன்பிறகு வந்தது இங்கிலீஷ்.

துறைமுகத்தில் வந்திறங்கிய கிரேசன் துரை என்ற கப்பல் தலைவரை அரண்மனையிலேயே தங்கவைத்துத் தினமும் பாடம் கேட்டார். நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தவர் விகடகவி தாண்டவராயர். மாலுமிகளோடு சிரித்துப் பேசியே அந்தப் பாஷையைப் பிடித்துக்கொண்டவர் அவர். ராஜாவுக்குப் பக்கத்தில் அவருக்குக் கிடைத்த இந்த இடம் பிரதானி வேங்கடாத்திரியின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

உள்ளபடி இருப்பதற்கு ஒரு சொல், பார்வைக்கு மட்டும் அப்படி இருப்பதற்கு வேறு சொல் என்று இங்கிலீஷில் இருந்தது ராஜாவை மயக்கிவிட்டது. உள்ளது ‘ரியல்’, தோற்றம் ‘சீமிங்’. சபையில் கண்ணில் பட்டதற்கெல்லாம் பட்டம் சூட்டினார். சமையற்காரரின் பாயசம் ரியல், தளபதியின் மீசை ரியல், அரண்மனை வைத்தியரின் தலைமுடி சீமிங். வைத்தியர் அன்றிலிருந்து தலைப்பாகையை இறுக்கிக் கட்டத் தொடங்கினார்.

ஒருநாள் நிறைந்த சபையில் துரை எழுந்து வணங்கி, ராஜாவின் அறிவு ‘அப்பாரண்ட்’ என்றார்.

“மகாராஜாவின் அறிவு கண்கூடு என்கிறார்” என்று தாண்டவராயர் சொன்னார். ராஜா பூரித்துப்போனார்.

மறுநாள் பாடம் தாமரைக் குளக்கரையில் நடந்தது. ராஜா விளையாட்டாக ஒரு கோலைத் தண்ணீருக்குள் விட்டார். கோல் வளைந்து தெரிந்தது. இதற்கு உங்கள் பாஷையில் என்ன சொல்வீர்கள் என்று அவர் கேட்க, இந்த வளைவு ‘அப்பாரண்ட்’ என்றார் துரை. கோலை வெளியே எடுத்து நேராகக் காட்டி, வளைவு ரியல் இல்லை என்றும் சேர்த்துச் சொன்னார். அவ்வளவு இங்கிலீஷ் ராஜாவுக்கே புரிந்தது. முகம் சிவந்துவிட்டது.

“அப்படியானால் என் அறிவும் இந்த வளைவு மாதிரிதானா?”

அந்தச் சொல்லுக்குக் கண்கூடு, வெறும் தோற்றம் என்று இரண்டு பொருளும் உண்டு, தான் சொன்னது நல்ல பொருளில்தான் என்று துரை சத்தியம் செய்தார். பலிக்கவில்லை. அவரைச் சிறையில் தள்ளினார்கள். வேங்கடாத்திரி சும்மா இருப்பாரா? அகப்பட்டுக்கொண்ட மனிதன் வேறென்ன சொல்வான் என்றார். வசை என்று தெரிந்தே விகடகவி அதைப் புகழாக மாற்றிச் சொல்லிவிட்டார் என்றும் ராஜாவின் காதில் ஓதினார்.

ராஜா தாண்டவராயரை அழைத்தார். “ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் என்கிறார் அல்லவா துரை? நாளைக் காலை அந்த இரண்டையும் கைக்கு ஒன்றாகக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டும். துரை சொன்னது எது என்று நானே பார்த்துக்கொள்கிறேன். முடியாவிட்டால் நீரும் அவரோடு உள்ளே இருக்கலாம்.”

தாண்டவராயர் கலங்கித்தான் போனார். துரையின் முகத்தில் தெரிந்த மரியாதையைப் பார்த்து நல்ல பொருளைச் சொன்னாரே தவிர, அவர் மனசுக்குள் புகுந்து பார்த்தவரா என்ன? அன்று மாலையே சிறைக்குப் போனார். தன்னைக் காப்பாற்றச் சொல்லித் துரை கெஞ்சவில்லை. காற்று திரும்புவதற்குள் மாலுமிகளை மட்டுமாவது ஊருக்கு அனுப்பிவிடுங்கள், அவர்களுக்குப் பிள்ளைகுட்டி இருக்கிறது என்றார். தாண்டவராயர் தலையைக் குனிந்தபோது துரையின் காலில் கிடந்த விலங்கு கண்ணில் பட்டது. நிமிர்ந்தபோது சிறைக்காவலரின் இடுப்பில் சாவி தொங்கியது. கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் சபைக்கு வந்தவர் இரண்டு கையையும் நீட்டினார். இடக்கையில் ஒரு விலங்கு, வலக்கையில் சிறைச் சாவி.

வேங்கடாத்திரி சிரித்தார். “இரும்பைக் காட்டுகிறாரே, சொல்லின் பொருள் எங்கே, மகாராஜா?”

“துரை சொல்லைத்தான் தந்தார். அதற்குப் பொருள் தருவது மகாராஜாதான்” என்றார் தாண்டவராயர். “விருந்தாளியாக வந்தவரை ஒரு சொல்லுக்காக விலங்கில் வைத்திருந்தால், அந்த ராஜாவின் அறிவு வெறும் தோற்றம் என்று உலகம் சொல்லும். திறந்துவிட்டால் கண்கூடு என்று சொல்லும். இரண்டு பொருளும் இதோ இருக்கின்றன. தாங்கள் எதை எடுக்கிறீர்களோ, அதுதான் துரை சொன்னது.”

ராஜா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வேங்கடாத்திரி விடவில்லை. இதெல்லாம் தப்பிக்கிற வித்தை, நம் தமிழில் இப்படிப்பட்ட கள்ளச் சொல் கிடையாது என்றார்.

“அப்படியானால் மகாராஜாவின் அறிவைப் பற்றித் தாங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள், பிரதானி.”

வேங்கடாத்திரி ராஜாவை நோக்கிக் குழைந்து வணங்கினார். “அதை நான் வேறு சொல்ல வேண்டுமா? பார்த்தாலே அறிவாளியாகத் தெரிகிறாரே.”

“தெரிகிறாரா, இருக்கிறாரா?”

“இருக்கிறார். அதாவது, இருப்பதாகத் தெரிகிறார். இல்லையில்லை, இருப்பது போல...” என்று இழுத்தார் வேங்கடாத்திரி.

முதலில் சிரித்தவர் ராஜாதான். சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார், கண்ணில் நீர் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கிவந்து சாவியை எடுத்தார். யாரையும் அனுப்பாமல் தாமே சிறைக்கு நடந்துபோய்த் துரையின் விலங்கைக் கழற்றி மன்னிப்புக் கேட்டார். அந்த வாரமே நல்ல காற்று வீசியது. கப்பல் பாய் விரித்துக் கிளம்பியது.

தாண்டவராயருக்குப் பட்டாடையும் பல்லக்கும் கிடைத்தன. வேங்கடாத்திரிக்கு ராஜா தண்டனை எதுவும் தரவில்லை. இனி தினமும் காலையில் தாண்டவராயர் வீட்டுக்குப் போய் அவரை வணங்கி இங்கிலீஷ் படித்துவர வேண்டும் என்று மட்டும் உத்தரவு போட்டார்.