சிவப்புப் பட்டை கட்டிய எருமை

கடம்பன் என்ற எருமைக்கடா செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். தான் பிறந்த குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தது. குளம் இனி எங்களுடையது என்று வெள்ளை நரிகள் அறிவித்த மறுநாள் பார்த்தா குடிக்க வேண்டும்? கப்பலில் ஏற்றி, நடுக்கடலில் இருந்த கைதித் தீவில் இறக்கிவிட்டன.

தீவில் கைதிகள் ஏராளம். மேய்ச்சலை விட்டுக்கொடுக்காத ஆடுகள், ஆற்றை விட்டுக்கொடுக்காத நீர்நாய்கள், இன்னும் எத்தனையோ. காவலுக்கு வந்த நரிகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். கைதிகளின் கொம்பையும் பல்லையும் பார்த்து அவை நடுங்கிக்கொண்டிருந்தன.

அவற்றின் தலைவனான நரித்துரை மட்டும் நடுங்கவில்லை. தினமும் சாயங்காலம் கடம்பன் கரையில் நின்று மேற்கே பார்ப்பதை அது கவனித்துவிட்டது. ஒருநாள் பக்கத்தில் வந்து நின்றது.

"என்ன கடம்பா, ஊர் ஞாபகமா?"

"ஆமாங்க துரை. நான் கப்பல் ஏறுறப்போ என் பொண்டாட்டி நிறைசினையா இருந்தா. பொறந்தது கடாவா கிடாரியான்னுகூட எனக்குத் தெரியாதுங்க."

"அடடா! உன்னை அனுப்பிவைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் தீவு ஒழுங்குக்கு வரவேண்டாமா? இந்தா, இந்தச் சிவப்புப் பட்டையைக் கட்டிக்கொள். இனி நீ கைதி இல்லை, மேஸ்திரி! காட்டை வெட்டி முடி. அடுத்த கப்பலில் ஊருக்குப் போகலாம்!"

கடம்பன் பட்டையைக் கட்டிக்கொண்டது. நேற்றுவரை கூடப் படுத்து அசைபோட்ட ஆடுகளை இன்று, "எழுந்திரு! நட!" என்று முட்டித் துரத்தியது. காடு விழுந்தது. கப்பல் வந்தது.

"காடு சரி. கப்பல் ஒதுங்கத் துறை வேண்டாமா?" என்றது நரித்துரை.

துறை கட்டினார்கள். கப்பல் வந்தது.

"துறை சரி. நாங்கள் குடியிருக்க மேட்டில் ஒரு பங்களா வேண்டாமா?"

பங்களாவும் எழும்பியது. ஒவ்வொரு கப்பலும் கடம்பனை விட்டுவிட்டே திரும்பியது. வேறு யாருக்கானாலும் புரிந்திருக்கும். கடம்பனுக்குப் புரியவில்லை. பார்க்காத கன்றின் முகத்தை நெஞ்சுக்குள் வரைந்து வரைந்து பார்த்துக்கொண்டிருந்த அதற்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. பாவம்தான்.

கடைசியாக, சின்னச் சின்ன அறைகளோடு ஒரு பெரிய கல்கட்டடம் எழுப்பச் சொன்னது நரித்துரை.

"இது எதுக்குங்க துரை?"

"தானியம் வைக்க!"

"கம்பிக்கதவு எதுக்குங்க?"

"எலி வராமல் இருக்க!"

கடம்பன் தலையாட்டியது. மற்றவர்கள் ஆட்டவில்லை. சாரம் கட்ட வெட்டிய மூங்கிலில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி, அலையாத்திக் காட்டுக்குள் ஒரு தெப்பம் கட்டினார்கள். கட்டியது சுழியன் என்ற நீர்நாய். கொடி திரித்துக் கொடுத்தது பூவாத்தா என்ற வெள்ளாடு.

ஒரு மத்தியானம் பூவாத்தா கடம்பனிடம் வந்து மெதுவாகச் சொன்னது.

"அண்ணே, தெப்பம் ரெடியாயிருச்சு. நாளைக்குக் காத்து மேற்கே திரும்புதாம். உங்களுக்கும் இடம் இருக்கு. வாங்க, போயிரலாம்!"

"எனக்கா? நான் உங்களையெல்லாம் அந்த முட்டு முட்டினேனே!"

"முட்டினீங்க. வலிச்சுது. ஆனா சாயங்காலமானா நீங்க கடலைப் பார்த்து நிக்கிறதையும் நாங்க பார்த்துக்கிட்டுத்தானே இருக்கோம்?"

அப்போதே சரி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கடம்பன் யோசித்தது. தெப்பம் கவிழ்ந்தால்? கைதிகள் தப்பினால் மேஸ்திரிக்கு அல்லவா கெட்ட பெயர்? அடுத்த கப்பல் நிச்சயம் என்று துரை சொல்லியிருக்கிறதே!

நேராகப் பங்களாவுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

தெப்பம் எரிந்தது. கல்கட்டடத்தின் முதல் அறையில் சுழியனையும் அடுத்த அறையில் பூவாத்தாவையும் போட்டுப் பூட்டினார்கள். தானியம் ஒரு மணிகூட அதற்குள் போகவில்லை.

கப்பல் வந்தது. கடம்பன் கடலில் முங்கிக் குளித்து, கொம்பைப் பாறையில் தேய்த்து, துறையில் போய் நின்றது.

"எங்கே கிளம்பிவிட்டாய்?" என்றது நரித்துரை.

"ஊருக்குங்க. கன்னுக்குட்டியைப் பார்க்க."

நரித்துரை விழுந்து விழுந்து சிரித்தது. "உன்னை அனுப்பிவிட்டால் இந்தத் தீவை யார் ஆள்வது? நாங்களா? சரியாய்ப் போச்சு! உன்னைப் போல் ஒரு மேஸ்திரி எனக்கு எங்கே கிடைப்பான்? சாகும்வரை நீ இங்கேதான்!"

கப்பல் நகர்ந்தது. அது ஒரு புள்ளியாகி மறையும்வரை கடம்பன் அழுதது. பிறகு கல்கட்டடத்துக்கு நடந்து, பூவாத்தாவின் கம்பிக்கதவுக்கு முன்னால் தலைகுனிந்து நின்றது.

"தாயி, ஒண்ணே ஒண்ணு கேட்கணும். அந்தத் தெப்பத்துல எனக்கு எந்தப் பக்கம் இடம் வெச்சிருந்தீங்க?"

பூவாத்தா எழுந்து கம்பிக்கதவருகே வந்தது. பிறகு சொன்னது.

"முன்பக்கம், அண்ணே. உங்க கனம் தாங்கணும்னு சுழியன் அங்க மட்டும் மூங்கிலை ரெட்டையா அடுக்குனான். கரை முதல்ல உங்க கண்ணுலதான் படணும்னு சொன்னான்."

கூட வாடுகிறவர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டுத் தான் மட்டும் வீடு போய்ச் சேரலாம் என்று நினைப்பவன், அவர்களுடைய வழியோடு தன் வழியையும் அடைத்துவிடுகிறான்.